நீ சொன்ன பொய் என்னுடையது

தனம், நானும் உன் தம்பியும் இங்கே இருக்கிறோம். நன்றாக இருக்கிறோமா என்பதை இதைப் படித்து முடித்த பிறகு நீயே சொல். எனக்கு எழுதத் தெரியாது. நம் தெரு அங்கன்வாடி டீச்சர் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து உட்கார்ந்து எழுதுகிறார். நான் நம் பேச்சில் சொல்கிறேன், அவர் புத்தகத் தமிழில் போடுகிறார். பக்கம் முடிந்ததும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ குறுக்கே வந்து, "வுடு நைனா, அதெல்லாம் எப்பவோ நடந்தது" என்பாய். நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். இருபத்தைந்து வருடமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதை நான் ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன். குறை உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் உன் படிப்பில் உங்களையெல்லாம் ஏரியின் மேல்கரையில் ஒரு குப்பத்துக்கு அனுப்பினார்களாம். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் யார் நடக்கவில்லை, யார் பேசவில்லை, யார் கூப்பிட்டால் திரும்பவில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வர வேண்டும், ஏதோ கல்லூரிக்காரர்களின் ஆராய்ச்சிக்கு அது வேண்டும் என்றாய். ஒரு வீட்டில் பத்து வயதுப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னப் பிள்ளை யாராவது உண்டா என்று கேட்டதற்கு, "எங்க வூட்ல அப்டி யாரும் இல்ல" என்றாள். அவளுக்குப் பின்னால், உள்ளேயிருந்து, ஒரு குழந்தை ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. நீ காகிதத்தில் ஒன்றும் எழுதாமல் படியிறங்கி வந்துவிட்டாய். "நைனா, அந்தப் பொண்ணு நான்தான்" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கி நான் உண்மையச் சொல்லியிருந்தா தம்பி பேசியிருப்பான் இல்ல?" என்றாய். அப்புறம்தான் அந்தப் பேச்சை எடுத்தாய். சான்றிதழுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இதைப் படிக்க உனக்கு யோக்கியதை இல்லை, நிறுத்திவிடப் போகிறாய், அனுப்பம்பட்டில் ரயிலேறிப் பட்டணம் போவதற்குப் பதிலாகக் காலை பஸ்ஸில் இங்கே வந்து தம்பியைப் பார்த்துக்கொள்வாய், எனக்கும் வயதாகிவிட்டது என்றாய். சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் படிப்பில் சேர்ந்த புதிதில் ஒரு பிள்ளையின் கதையைப் பிறந்த நாளிலிருந்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நீ தம்பியை எடுத்துக்கொண்டாய். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் என்னைத்தான் கேட்டாய். ஏழுமலைக்குத் தலை எப்போது நின்றது? நாலாம் மாதம், கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம். எப்போது நடந்தான்? பொங்கல் கழிந்து, ஒன்றரை வயதில், இறால் காயப்போட்டிருந்த தார்ப்பாயின் மேல் பதினோரு எட்டு வைத்து, ஈரம் தட்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டான். முதல் சொல் எப்போது? ஏழு வயதில். இன்னா சொல்? "போ". எந்த மாட்டைப் பார்த்துச் சொன்னான் என்பதுவரை சொன்னேன். நீ சிரித்துவிட்டாய். "உன் மண்டைல ரிஜிஸ்டர் ஆபீஸே கீது நைனா" என்றாய். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. இதற்கு முன் யாராவது பிள்ளையைப் பார்த்து, பயிற்சிக்குக் கூட்டி வரச் சொன்னார்களா என்று. எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். நீ 'இல்லை' என்று எழுதிக்கொண்டாய். பதினோரு எட்டை எண்ணி வைத்திருக்கிறவனுக்கு இது எப்படி மறந்தது என்று நீ கேட்கவில்லை. நீ கேட்க மாட்டாய் என்று நம்பியே சொன்னேன். இந்தக் கடிதம் அந்த ஒரு கேள்விக்குப் பதில்.

இதை உன் வகுப்பில் படித்துக் காட்ட வேண்டுமென்றால் காட்டு. எனக்கு வெட்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். காட்டு. ஏரி தெரியாதவர்கள் கேட்பார்கள் என்பதால் சில விஷயங்களை உனக்குத் தெரிந்திருந்தும் சொல்கிறேன்.

உன் தம்பி கூப்பிட்டால் திரும்ப மாட்டான் என்பதை முதலில் கண்டுபிடித்தது உன் அம்மா. இரண்டு வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைத் தரையில் போட்டால் திரும்புகிறான், பெயர் சொன்னால் திரும்புவதில்லை, அப்படியானால் காது கேட்கிறது, வேறு என்னமோ இருக்கிறது என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, எந்தப் படிப்பும் கிடையாது. இன்றைக்கு நீ புத்தகத்தில் படிப்பதை அவள் ஒரு சில்வர் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். நான் அவளை அடக்கினேன். ஏன் என்றால், நான் அவனைத் தோணியில் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருந்தேன். மடவை மீனுக்கு வலை வளைக்கும்போது பேசக் கூடாது. கோல் தோணியில் இடிக்கக் கூடாது. இருமல் வந்தால் விழுங்க வேண்டும். மடவை சத்தம் கேட்டால் வலைக்கு மேலே எகிறிக் குதித்துப் போய்விடும். மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தோணியில் ஏறினால் அது இன்னா இது இன்னா என்று நச்சரித்து மீனைக் கலைத்துவிடுவார்கள், பாதியில் கரையில் இறக்கிவிட்டு வருவார்கள். என் பிள்ளை மூன்று வயதில் அணியத்தில் உட்கார்ந்தால், தோணியின் அந்த முன்முனையில் அரை நாள் ஒரு சத்தம் இல்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். கரையில் நாலு பேர், "இவன்டா ஏரிக்காரன்" என்றார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பேச்சு வராத பிள்ளையை வைத்துக்கொண்டு, பேச்சை அடக்கத் தெரிந்த பிள்ளை என்று இரண்டு வருடம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். வயலில் வேலை செய்கிறவன் வீட்டில் பிறந்திருந்தால் அந்த இரண்டு வருடம் அவனுக்கு வீணாகியிருக்காது.

அது தெரியாமல் செய்தது. இனிமேல் சொல்லப்போவது தெரிந்து செய்தது.

ஏரியில் மீன் படும் இடத்தைப் பாடு என்போம். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். மகனுக்குப் பதினெட்டு ஆனதும் தகப்பன் கூட்டத்தில் அவன் பெயரைக் கொடுப்பான். பெயர் ஏறினால்தான் அவன் ஊரில் ஒரு ஆள். ஏறாதவன் கரையில் நின்று ஏரியைப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். உன் தம்பிக்கு ஐந்து வயதாகும்போது நானும் உள்ளுக்குள் தெரிந்துகொண்டுவிட்டேன், இது அடக்கம் இல்லை என்று. அப்போதுதான் பட்டணத்திலிருந்து படித்தவர்கள் வந்து குறை உள்ள பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. பக்கத்துக் குப்பத்தில் முடிந்தது, நாளை நம் ஊர் என்றார்கள். என் பிள்ளையின் பெயர் ஒரு காகிதத்தில் குறை என்று ஏறிவிட்டால், நாளைக்கு எந்தக் காகிதத்திலும் ஆள் என்று ஏறாது என்று பயந்தேன். வாய்ச்சொல்லை ஊர் மறந்துவிடும், எழுதி வைத்ததை மறக்காது என்று எழுத்துத் தெரியாதவனுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

மறுநாள் உனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு விடியுமுன்னே சந்தைக்குப் போய்விட்டாள். நீ வாசலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாய், ஒரு பக்கம் முடிந்திருந்தது. நான் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு உன்னிடம் சொன்னேன்.

"யாராச்சும் வந்து கேட்டா, இந்த வூட்ல நீ ஒருத்திதான்னு சொல்லு."

"தம்பி எங்கனு கேட்டா?"

"தம்பியே இல்லனு சொல்லு."

"தம்பியே இல்லயா?" என்றாய். கேள்வியாகத்தான் கேட்டாய். நான் அவனோடு துறைக்கு நடந்தேன். அந்தக் கேள்வி இன்னும் எனக்கு உன் பதினோரு வயதுக் குரலிலேயே கேட்கிறது. இப்போதைய உன் குரலில் அதைக் கேட்க ஒருபோதும் முடிந்ததில்லை.

அன்று நான் வலையே இறக்கவில்லை. மணல்திட்டுக்குப் பின்னால் தோணியை விட்டுவிட்டு, குந்தியபடி கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு குடை வீடு வீடாக ஏறி இறங்குவது தெரிந்தது. நம் வீட்டு வாசலில் ஒரு குடை நெடுநேரம் நின்றது. உன் தம்பி தண்ணீரில் விரலை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தான், அவனுக்கு நல்ல நாள் அது. வெயில் சாய்ந்து குடைகள் போன பிறகு கரைக்கு வந்தேன். "இன்னாபா, காஞ்ச வலையோட வர்ற?" என்று ஒருவன் கேட்டான். காற்று சரியில்லை என்றேன். நீ வாசலிலேயே இருந்தாய். "சொல்ட்டேன் நைனா" என்றாய். அவர்கள் உனக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்திருந்தார்கள். அதை நீ பிரிக்காமல் பாவாடையில் முடிந்து தம்பிக்கு வைத்திருந்தாய். அவன் அத்தனையும் தின்றான்.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. இதோடு முடிந்தது என்றுதான் நீ நினைத்திருக்கிறாய். உன் ஒரு சொல்லால் அந்தக் குடைகள் திரும்பிப் போய்விட்டன, தம்பியின் வாய் மூடிவிட்டது என்று இத்தனை வருடம் சுமந்திருக்கிறாய். எட்டாவதோடு உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, அவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் புரிந்தது. அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாய். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, இருபத்தாறு வயதில் பத்தாவது எழுதினாய். குறை உள்ள பிள்ளைகள் பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்து, அங்கிருந்து பன்னிரண்டாவது எழுதி, இப்போது முப்பத்தாறு வயதில் உன் மகள் வயதுப் பெண்களோடு உட்கார்ந்து சான்றிதழுக்குப் படிக்கிறாய். எனக்கு உன்னைப் பற்றிப் பெருமை. அந்தப் பெருமையைக்கூட இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டிவரும் என்று.

தனம், அவர்களில் ஒருவர் திரும்பி வந்தார்.

பத்து நாள் கழிந்திருக்கும். நான் தோணித்துறையில் வலை உதறிக்கொண்டிருந்தேன். தம்பி அணியத்தில் உட்கார்ந்து வலை மிதவைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். வயதான ஒரு அம்மா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால்வரை சேற்றோடு தனியாக வந்தார். என்னோடு பேசவில்லை. தோணி ஓரத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அவனைப் பார்த்தார். பிறகு ஒரு மிதவையை எடுத்து அவன் வரிசையில் வைத்தார். அவன் அதை எடுத்துத் தள்ளி வைத்தான். இன்னொன்றை எடுத்து, அவன் வைக்கும் இடைவெளி பார்த்துச் சரியாக வைத்தார். அவன் அதை விட்டுவிட்டான். மூன்றாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவன் தலையைத் தூக்கி அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தான். வெளியாள் முகத்தை அவன் பார்த்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"உங்க பொண்ணு தம்பி இல்லன்னு சொல்லிச்சு. ஆனா கொடியில சின்னச் சட்டை காஞ்சுக்கிட்டு இருந்தது" என்றார். "அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க சொல்லிக் கொடுத்ததத்தான் சொல்லிச்சு."

கேட்டாயா? உன் பொய்யை அந்த அம்மா ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. நீ வாயைத் திறப்பதற்கு முன்பே கொடியைப் பார்த்துவிட்டார். நீ கதவை மூடவே இல்லை, கண்ணு. மூடியது அடுத்த அரை மணி நேரத்தில் நான்.

அவர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். இவன் செவிடும் இல்லை, புத்தி கெட்டவனும் இல்லை, இவனுக்கு விஷயங்கள் வேறு வழியாகப் போய்ச் சேருகின்றன. இந்த வயதில் தினமும் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் பேச்சு வர வாய்ப்பு உண்டு, எவ்வளவு வரும் என்று அவரால் உறுதி சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒரு நாள் பட்டணத்துக்குக் கூட்டி வந்தால் போதும், மீதி நாளில் அம்மாவும் அக்காவும் வீட்டிலேயே செய்ய அவர்களே கற்றுக் கொடுப்பார்கள். ஒரு காகிதத்தை நீட்டினார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்றேன். மூன்று முறை வாசித்துக் காட்டினார். எந்த பஸ், எங்கே இறங்கி, எந்தத் தெரு என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். நான் சொன்னது இது: "எம் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. ஏரில கீறவன் அப்டித்தான், பேசமாட்டான்."

"நீங்க பேசறீங்களே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"தோணி தள்ளணும், எறங்குமா" என்றேன்.

அவர் சேற்றில் இறங்கி நின்று, மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். நான் தோணியைத் தள்ளி, கோல் எட்டும் ஆழத்துக்குப் போய், காகிதத்தைத் தண்ணீரில் போட்டேன். அது உடனே மூழ்கவில்லை. கோலால் அழுத்தினேன்.

இந்த இடத்தில் டீச்சர் 'அறியாமையால் செய்துவிட்டேன்' என்று எழுதியிருந்தார். படித்துக் காட்டும்போது கேட்டுவிட்டு, அடிக்கச் சொன்னேன். "தாத்தா, படிக்கறவங்களுக்கு உம்மேல வெறுப்பு வரும்" என்றார். வரட்டும் என்றேன். எனக்கு அறிவு இருந்தது. அந்த அம்மா சொன்னது சரி என்று அவர் சொல்லும்போதே தெரிந்தது. மூன்றாவது மிதவைக்கு அவன் தலையைத் தூக்கியதை நான் பார்த்துவிட்டேனே.

எதற்காக மறைத்தேனோ அதுவும் நடக்கவில்லை. அவனுக்குப் பதினெட்டு ஆனபோது நான் பெயர் கொடுத்தேன். யாரும் மறுக்கவில்லை. ஆனால் நம் வழக்கப்படி புதிதாகப் பெயர் ஏறுகிறவன் அவன் கையாலேயே சீட்டை எடுக்க வேண்டும், தகப்பன் எடுக்கக் கூடாது. வேட்டி கட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். இருநூறு பேர் சத்தத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டு, சீட்டுப் பானையைத் தட்டிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். சீட்டுகள் மணலில் கொட்டின. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டைக்காவது போயிருப்பேன். பெரியவர் ஒருவர் குனிந்து சீட்டுகளைப் பொறுக்கிப் பானையில் போட்டுக்கொண்டே, "ஊருக்கே தெரிஞ்ச கதைய யார்கிட்டபா மறைச்சிகினு இருந்த இத்தினி நாளு?" என்றார். அவர் குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். ஊருக்குத் தெரியும். உன் அம்மாவுக்குத் தெரியும். உதவ வந்த ஒரே ஆளிடம் மட்டும் மறைத்திருக்கிறேன்.

உன் அம்மாவுக்கு அந்த இரண்டாம் வருகை கடைசிவரை தெரியாது. கணக்கெடுக்க வந்தவர்கள் கைக்குழந்தைகளை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று சொல்லிவைத்திருந்தேன். அவளும் எத்தனையோ கோயிலுக்கு நடந்தாள், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி வைத்தாள், தர்காவில் மந்திரிக்க வைத்தாள். "நம்மளத் தேடி ஒருத்தரும் வர்லயேபா" என்று படுக்கையில் கிடந்தபோதும் சொன்னாள். அவள் கால் பக்கம் உட்கார்ந்திருந்த நான் கொசு விரட்டிக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்லாமல் விட்டதற்கு எனக்கு விமோசனம் கிடையாது. உன்னிடம் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது.

இங்கே எப்படி இருக்கிறோம் என்று கேட்பாய். காலையில் நான் கஞ்சி வைக்கிறேன், அவன் தட்டுகளைத் துடைத்து ஒரே கோட்டில் வைக்கிறான். முழங்கால் மடங்குவதில்லை, அதனால் ஏரிக்கு வாரத்தில் இரண்டு நாள்தான். மற்ற நாளில் வலை ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நான் பேசுகிறேன், அவன் கேட்கிறானா என்று தெரியாது. காற்று வாடைக்குத் திரும்பிவிட்டது என்பேன். பதில் வராது. இந்த வருடம் நண்டு மெலிந்திருக்கிறது என்பேன். பதில் வராது. சில நாள் நானே பதிலும் சொல்லிக்கொள்கிறேன். என்னோடு தோணி ஏறியவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள், மீதிப்பேர் மகன்களோடு சென்னைப் பக்கம் போய்விட்டார்கள். அவனுக்கு இருபது சொல் இருக்கும். சோறு, போ, வேணா, பஸ். யார் வீட்டுப் போன் அடித்தாலும் "அக்கா" என்பான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை என்று அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் பொன்னேரியில் ஒரு இடம் பார்த்தாய். வளர்ந்த பிள்ளைகளைப் பகலில் வைத்துக்கொண்டு, கை வேலை பழக்கி, சாயங்காலம் அனுப்பிவிடுவார்கள் என்றாய். பஸ் என்றால் அவன் மிரள்வான் என்று நான் தட்டிவிட்டேன். அவன் மிரள மாட்டான். பஸ் அவனுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும், என் பேச்சை மறுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாய். உண்மையைச் சொல்கிறேன். அவனும் போய்விட்டால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இந்த வீட்டில் நான் யாரோடு இருப்பேன்? பதில் சொல்லாவிட்டாலும் ஒரு ஆள். முதல் தடவை ஊருக்குப் பயந்து அவனை மறைத்தேன். இரண்டாம் தடவை தனிமைக்குப் பயந்து மறைத்தேன். நீ வருகிறேன் என்று சொன்னபோது என் மனதுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் நீ வந்து வாசல் தெளிப்பதையும், "இன்னா நைனா, வெறும் கஞ்சியா?" என்று அதட்டுவதையும் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆசை வந்ததால்தான் மறுநாளே டீச்சரைக் கூப்பிட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். தள்ளிப்போட்டால் சொல்ல மாட்டேன், நீயும் வந்துவிடுவாய், இரண்டாம் முறையும் உன் படிப்பை நிறுத்தியவன் நானாக இருப்பேன்.

அதனால் நீ வர வேண்டாம். டீச்சர் அந்த இடத்துக்குப் போன் போட்டுப் பேசிவிட்டார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒரு வாரம் வாசலிலேயே உட்காருங்கள், பிறகு விட்டுவிட்டுப் போகலாம் என்றார்களாம். எனக்கு முப்பது வயதுப் பிள்ளைக்கு வாசலில் காவல் இருக்கும் வயது வந்திருக்கிறது. இருக்கிறேன். பிறகு தனியாகத் திரும்பி வந்து பழகிக்கொள்கிறேன். வகுப்பில் நீ கொடுத்த அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கு. யாராவது கூட்டி வரச் சொன்னார்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று மாற்று. ஏன் வரவில்லை என்று கீழே ஒரு இடம் இருந்தால், 'தகப்பன் மறுத்தான்' என்று எழுது. அக்கா பெயர் அதில் எங்கேயும் வரக் கூடாது.

இதைப் படித்த பிறகு நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். அது உன் நியாயம், நான் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் போடு. நான் எடுத்து அவன் காதில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.

ஒன்று மட்டும் உன் வேலைக்குச் சொல்கிறேன், இது எந்தப் படிப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள். கணக்கெடுக்கிறவர்கள் எல்லோரும் காலை பத்து மணிக்கு வருகிறார்கள். அந்த நேரத்தில் குப்பத்தில் பெண்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். முடிவு செய்கிறவன் தண்ணீரில் இருப்பான். பொய் சொல்லும் பாரம் பத்து வயதுப் பெண்ணின் தலையில் விழும். மேல்கரையில் அந்த வீட்டுக்கு நீ மறுபடி போ. தோணிகள் கரையேறும் நேரம் பார்த்துப் போ. கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பாள். அவளிடம் ஒன்றும் கேட்காதே, அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்காதே. துறைக்குப் போய் அவள் தகப்பன் வரும்வரை நில். வலையை இறக்கி வைக்க விடு, பீடி பற்றவைக்க விடு. பிறகு கேள். அவன் இல்லை என்பான். தோணி தள்ள வேண்டும் என்பான். சண்டை போடாதே, திரும்பி வா. அடுத்த வாரம் போ. மறுபடியும் இல்லை என்பான். இரண்டு முறையோடு நின்றுவிடாதே, தனம். என்னைத் தேடி ஒருமுறை வீட்டுக்கும் ஒருமுறை துறைக்கும் வந்தார்கள். மூன்றாம் முறை வந்திருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேனா என்று இந்த வயதுவரை யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆளுக்காவது தெரியட்டும்.

உன் நைனா